பாதிச் சாய்தளம்

ஷட்டர இறக்கிவிடவா அண்ணாச்சி? சாரல் அடிக்கு. நீங்க இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க, நான் சன்னலோரம் வாறேன். நான் நனைஞ்சாப் பரவாயில்ல. அடுத்தவங்களுக்கு ஒரு வசதி செஞ்சு குடுக்கணும்னா எனக்குக் கை தன்னால நீண்டுரும். பாக்குற வேலை அப்படி.

என் பேரு தெய்வசிகாமணி. பல்கலைக்கழகத்துல கண்காணிப்பாளர். எந்தப் பல்கலைக்கழகம்னு கேட்ராதீங்க, பஸ்ல வச்சுப் பேசப்பிடாது. மாற்றுத்திறனாளி மாணவர் நல மையம்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு நான்தான் பொறுப்பு. பழைய வார்த்தை ஒண்ணு உண்டுல்லா, அத எங்க ஆபீஸ்ல ஒருத்தன் வாய் தவறிச் சொல்லிட்டான்னாக்கூட மெமோ குடுத்துருவேன். அவ்வளவு மரியாதையா நடத்துற இடம். அப்படிப்பட்ட இடத்துல இருந்து ஒரு பிள்ளை படிப்பப் பாதியில விட்டுட்டுப் போயிட்டா அண்ணாச்சி. அவளத்தான் பாத்துட்டு வாறேன். மனசு ஆறல.

நீங்களே கேட்டுட்டு யாரு மேல தப்புன்னு சொல்லுங்க.

மையம் ஆரம்பிச்சப்ப எல்லாம் இருந்துச்சு. நான் இருந்தேன், எனக்குக் கீழ எழுத்தர், டைப்பிஸ்ட், பியூன், வாட்ச்மேன் எல்லாரும் இருந்தாவ. கீழ்த்தளத்துல பெரிய ஹால், ஃபேன், போர்டு, எல்லாம் உண்டு. ஒரே குறை, மாற்றுத்திறனாளி யாரும் இல்ல. நிதி வருது, செலவழிக்க ஆளில்ல. மேலிடத்துல கேக்காவ, உங்க பயனாளி எங்கன்னு. நான் என்னத்தச் சொல்ல?

அப்பதான் முப்பிடாதி வந்து சேந்தா. எம்.எஸ்ஸி. புள்ளியியல். பீடி சுத்துற குடும்பம், ஆனா அவ படிப்புல சூரப்புலி. சின்ன வயசுல ஏதோ காய்ச்சல் வந்து இடுப்புக்குக் கீழ வராமப் போச்சாம். சக்கர நாற்காலியில வந்து எங்க வாசல்ல நிக்கா. உண்மையச் சொல்லுதேன், எனக்குக் கண்ணு கலங்கிட்டு. அன்னைக்கு சாயங்காலமே பிள்ளையாருக்குத் தேங்கா உடைச்சேன்.

"உனக்கு என்னம்மா வேணும்? தயங்காமக் கேளு"ன்னேன்.

"சார், எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். எங்க வகுப்பு இதே கட்டடத்துல ரெண்டாவது மாடியில நடக்கு. அத மட்டும் கீழ மாத்திக் குடுங்க"ன்னா.

"சரி, அதுக்கு எவ்வளவு ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது சார்."

அங்கதான் சிக்கல், பாத்துக்கிடுங்க. செலவு ஆகும்னா எழுதிக் கேக்கலாம். லட்சம்னாலும் கேக்கலாம். ஒண்ணும் ஆகாதுன்னா எந்தத் தலைப்புல எழுத? செலவே இல்லாத உதவிக்கு நிதித் தலைப்பு கிடையாது அண்ணாச்சி. தலைப்பு இல்லைன்னா ஃபைல் கிடையாது. ஃபைல் இல்லைன்னா அப்படி ஒரு விசயமே நடக்கலன்னு அர்த்தம். இத அந்தப் பிள்ளைகிட்ட எத்தனையோ வாட்டி எடுத்துச் சொன்னேன். புள்ளியியல் படிக்கிறவளுக்கு இது புரியல.

அதுக்காக நாங்க சும்மா இருக்கல. மார்ச் மாசம் முடியிறதுக்குள்ள நிதியச் செலவழிக்கணும்லா, அவ பேர்ல சாமான் வாங்குனோம். பிரெயில் அச்சு இயந்திரம் வாங்குனோம். அவளுக்குக் கண்ணு நல்லாத் தெரியும், அது வேற விசயம். காது பரிசோதிக்கிற மெஷின் ஒண்ணு. நடைப்பயிற்சி மெஷின் ஒண்ணு, இந்த ஜிம்முல எல்லாம் கீழ பெல்ட் ஓடும்லா, அது. பேட்டரியில ஓடுற சக்கர நாற்காலி ஒண்ணு, வெளிநாட்டுச் சாமான். அது மட்டும் அகலம் கூடுதலாப் போயிட்டு, பெட்டியோடவே கதவுல மாட்டிக்கிட்டு. கதவக் கழத்தித்தான் உள்ள வச்சோம். பெட்டியப் பிரிக்கல, பிரிச்சா வாரண்டி போயிரும்.

எல்லாத்தையும் எங்க வைக்க? கீழ்த்தளத்து ஹால்லதான் வச்சோம். ஹால் நிறைஞ்சு போச்சு. அப்ப அந்தப் பிள்ளை வந்து கேக்கா, "சார், இந்த ஹால்லயே வகுப்பு வைக்கலாமே"ன்னு.

"எப்படிம்மா முடியும்? உன் சாமான்தானே நிறைஞ்சு கெடக்கு"ன்னேன். அவ அந்த நடைப்பயிற்சி மெஷினயே பாத்துக்கிட்டு இருந்தா. சந்தோசப்படுதான்னு நினைச்சேன்.

அடுத்து சாய்தளம். எங்க ஹால் வாசல்ல நாலு படி. அதுக்கு இரும்புத் தகட்டுல சாய்தளம் செஞ்சோம். ரெண்டு துண்டாச் செஞ்சு நடுவுல போல்ட் போட்டு முறுக்குனது, யானை ஏறுனாலும் தாங்கும். மாடிக்கு எதுவும் போடலயான்னு நீங்க கேப்பிய. லிப்ட் எல்லாம் கட்டடப் பிரிவு அண்ணாச்சி, அதுல நாம மூக்க நுழைக்க முடியாது. மாற்றுத்திறனாளி பயன்படுத்துற இடத்துலதான் சாய்தளம் போடணும்னு உத்தரவு. அவ பயன்படுத்துற இடம் எது? எங்க மையம். மையத்துக்கு என்னத்துக்கு வருவா? சாய்தளத்தப் பயன்படுத்துனேன்னு தினமும் கையெழுத்துப் போட வருவா. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்திப் போச்சு.

திறப்பு விழா நடத்துனோம். துணைவேந்தர் வந்தாவ, ரிப்பன் வெட்டுனாவ. முப்பிடாதிக்குப் பொன்னாடை போத்துனாவ. போட்டோக்காரன் சரியில்ல. அவ ஏறும்போது இவன் பேட்டரி மாத்துவான், இறங்கும்போது துணைவேந்தர் போன்ல இருப்பாவ. அவளும் ஏறி ஏறி இறங்குனா. கடைசியில கை வலிக்குன்னா. "சிரிச்ச மொகமா ஒண்ணே ஒண்ணும்மா"ன்னு நான்தான் சொன்னேன். நல்ல படம் அது. எங்க ஆபீஸ்ல மாட்டிருக்கு.

இவ்வளவும் செஞ்சாச்சு. வகுப்புக்கு எப்படிப் போனான்னு கேக்கணும்லா நீங்க?

கூடப் படிக்கிற பையங்க நாற்காலியோட தூக்கிட்டுப் போவாங்க. சிரிச்சுப் பேசிக்கிட்டே தூக்கிட்டுப் போவாங்க, சாயங்காலம் இறக்கிக் கொண்டாருவாங்க. அவளும் "ஏல, மெதுவாலே, நான் என்ன அரிசி மூட்டையா"ன்னு அதிகாரம் பண்ணிக்கிட்டே போவா. எனக்கு அது பிடிக்கல. நம்மகிட்ட ஒரு சுற்றறிக்கை இருக்கு. மாற்றுத்திறனாளிகளச் சாமான் மாதிரித் தூக்குறது அவங்க கண்ணியத்துக்கு இழுக்கு. நான் தடை போட்டுட்டேன். தூக்குனா நடவடிக்கைன்னு போர்டுல ஒட்டிட்டேன். அந்தப் பையங்க சண்டைக்கு வந்தானுவ. "அப்ப அவ எப்படி சார் மேல போவா?"ன்னு கேட்டானுவ.

"அது வேற ஃபைல்"னு சொல்லிட்டேன்.

ஆனா அவள அப்படியே விட்டுருவேனா? உதவியாளர் வச்சுக்கிட நிதியில வழி இருக்கு. என் மச்சினன் அரிராமன், வீட்டுக்காரியோட தம்பி. செல்போன் ரீசார்ஜ் கடை வச்சு மூடிட்டுச் சும்மா இருந்தான். அவன நியமிச்சேன். ஏற்பாடு என்னன்னா, முப்பிடாதி கீழ ஹால் வாசல்ல இருப்பா. அரிராமன் மேல போய் வகுப்புல உக்காந்து கேட்டுட்டு, கீழ வந்து அவளுக்குச் சொல்லணும்.

முதல் நாள் வந்தான். நான் பக்கத்துலதான் நிக்கேன்.

"இன்னைக்கு என்ன நடத்துனாவ?"ன்னு அவ கேட்டா.

"போர்டு நிறைய எழுதுனாவ தங்கச்சி. அப்புறம் அழிச்சாவ. அப்புறம் மறுபடியும் எழுதுனாவ."

"என்ன எழுதுனாவ?"

"ஒரு மலை மாதிரி வரைஞ்சாவ. நடுவுல கோடு போட்டாவ. எல்லாரும் ஆமா ஆமான்னாங்க, நானும் ஆமான்னேன்."

அவ சிரிச்சுட்டா. அன்னைக்குத்தான் அவ சிரிச்சு நான் கடைசியாப் பாத்தது. அப்புறம் ஒரு மாசத்துல மூஞ்சி சுருங்கிட்டு. வருகைப் பதிவுல அரிராமனுக்கு முழு வருகை, அவளுக்கு ஒண்ணும் இல்ல. அது நியாயம்தானே, போனது அவன்லா? "இப்படியே போனா என்னைப் பரிட்சை எழுத விடமாட்டாங்க சார்"ன்னா. துறைத்தலைவி கோமதி மேடத்துகிட்ட நான் நேர்ல போய்க் கேட்டேன், வாரத்துல ஒரு வகுப்பாவது கீழ வந்து எடுங்கன்னு. மேடம் நல்ல மனுசி. ஆனா, "என் போர்டு மேல இருக்கு, என் ரூம் மேல இருக்கு, ஒரு ஆளுக்காக ஒரு வகுப்பே இறங்கணுமா"ன்னு கேட்டாவ. கேள்வின்னா அது கேள்வி.

அதுக்கப்புறம் அவ என்ன செஞ்சா தெரியுமா? தானே ஏற ஆரம்பிச்சிட்டா.

நாற்காலிய மாடிப்படிக்குக் கீழ நிறுத்திட்டு, தரையில இறங்கி, படிக்கு முதுகக் காட்டி உக்காந்துக்கிடுவா. கைய ஊனி ஒரு படி. மறுபடி கைய ஊனி இன்னொரு படி. கால ரெண்டையும் கையால எடுத்து எடுத்து வச்சுக்கிடுவா. புத்தகப் பைய வாயில கடிச்சுக்கிடுவா. மேல போய்ச் சேரும்போது பாதி வகுப்பு முடிஞ்சிரும். உடுப்பு பூரா அழுக்கு. நான் சொன்னேன், "ஏம்மா, பாக்குறவங்க எங்களப் பத்தி என்ன நினைப்பாங்க?"ன்னு. "நீங்க போட்ட தடை தூக்குறதுக்குத்தானே சார். ஏறுறதுக்கு இல்லியே"ன்னா. வாய் கொஞ்சம் நீளம்.

அப்பதான் மதிப்பீட்டுக் குழு வந்துச்சு, வெளியூர்ப் பெரிய ஆளுங்க. நான் மையத்தச் சுத்திக் காட்டுதேன், மெஷின எல்லாம் காட்டுதேன், சாய்தளத்துல அவங்களையே ஏற வச்சு இறக்குதேன். எல்லாம் நல்லாப் போயிட்டு இருக்கு. திரும்பிப் பாத்தா மாடிப்படியில முப்பிடாதி, வாயில பையோட.

போச்சு, மையத்த மூடப்போறாவன்னு நினைச்சேன். ஆனா குழுத் தலைவர் என்ன செஞ்சாவ தெரியுமா? கை தட்டுனாவ! ஒரு படி ஏறுனா, கை தட்டுனாவ. அடுத்த படி, மறுபடி கை தட்டு. குழுவே தட்டுது, எங்க ஆளுங்களும் தட்டுதாங்க, நானும் தட்டுதேன். ஒரு அம்மா அழுதே போட்டாவ. முதல் மாடி வளைவு வரைக்கும் கூடவே ஏறிப் போய்த் தட்டுனோம்.

அவ நின்னுட்டா. பைய வாயில இருந்து எடுத்துட்டு, "சார், எங்க வகுப்பக் கீழ மாத்தச் சொல்லுங்க சார்"ன்னா குழுத் தலைவர்கிட்ட.

அவுக அவ தலையில கை வச்சு, "உன்னை மாதிரித் தன்னம்பிக்கை கை கால் நல்லா இருக்கிறவனுக்கு வருமாம்மா? இதை மட்டும் விட்ராத"ன்னாவ.

அவ அவங்களயே பாத்தா. என்னையும் பாத்தா. அப்புறம் வந்த வழியே இறங்க ஆரம்பிச்சா. ஏறுறத விட இறங்குறது கஷ்டம் போலருக்கு, உள்ளங்கை உரிஞ்சிருந்துச்சு. அதுக்கும் ரெண்டு பேரு தட்டுனாங்க. கீழ வந்து நாற்காலியில ஏறி உக்காந்து, என்கிட்ட வந்தா.

"டி.சி. குடுங்க சார்."

"ஏம்மா, இப்பதானே எல்லாரும் உன்னைப் பாராட்டுனாங்க?"

"அதான் சார். குடுத்துருங்க."

முதல் வருசம் முடிச்சிருந்தா, ரெண்டாம் வருசம் முழுசாப் பாக்கி. பாதிப் படிப்பு. அப்படியே போட்டுட்டுப் போயிட்டா. எங்களுக்கு அந்த வருசம் சிறந்த மையம்னு கேடயம் வந்துச்சு. வாங்க ஆளில்ல, நான்தான் போய் வாங்குனேன்.

சவத்த விடுங்க, போனவ போகட்டும்னு நானும் இருந்திருப்பேன். தணிக்கை விடுமா? தணிக்கைக்காரங்க வந்து எழுதிட்டாவ. படிப்ப இடையில நிறுத்துற பயனாளிகிட்ட இருந்து, படிக்காத காலத்துக்கு உண்டான பயனத் திரும்பப் பெறணும். விதி அதுதான். அவ பாதி படிச்சிருக்கா, அப்ப பாதியத் திரும்பப் பெறணும். மெஷின், நாற்காலி, சாய்தளம் எல்லாம் அவ பேர்ல வாங்குனது. திரும்பப் பெறுற வரைக்கும் சர்டிபிகேட் ஒண்ணையும் குடுக்கப்பிடாது. அவ பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி எல்லா அசலும் எங்க பீரோவுலதான் கெடக்கு. இன்னொரு காலேஜ்ல சேர அவளுக்கு இடம் கிடைச்சிருக்கு, அசல் இல்லாம சேக்கமாட்டேங்கான்.

அவளும் அவ அம்மா சொர்ணமும் வந்தாவ. அந்த அம்மா கையில பீடி இலை வாசம். "ஐயா, எங்ககிட்ட என்ன இருக்கு? எதத் திருப்பித் தர? ஒரு துணி போத்துனீங்க, அதத் துவைச்சு மடிச்சுக் கொண்டாந்துருக்கேன்"னு பொன்னாடைய மேசை மேல வச்சா. எனக்குச் சங்கடமாப் போச்சு. "அது பயன் இல்லம்மா, அது மரியாதை. மரியாதையத் திரும்ப வாங்க விதியில இடமில்ல"ன்னேன்.

முப்பிடாதி அந்த விதி இருக்குற தாள வாங்கிப் படிச்சா. ரெண்டு வாட்டி படிச்சா. அப்புறம் நிமிந்து, "சார், திரும்பப் பெறணும்னா நான் முதல்ல பெற்றிருக்கணும்லா?"ன்னா.

"என்னம்மா சொல்லுத?"

"இந்தச் சாமான் எதுவும் என் கைக்கு வரலியே. வராதத எப்படித் திருப்ப? முதல்ல எல்லாத்தையும் எங்கிட்டக் குடுங்க. நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிடுதேன். அப்புறம் பாதியத் திருப்பித் தாரேன். நீங்க அசலக் குடுங்க."

நான் யோசிச்சுப் பாத்தேன். சட்டப்படி அதுல ஒரு ஓட்டை இல்ல அண்ணாச்சி. வழங்காத பொருள மீட்டா அது திருட்டுல்லா? நானே எழுதி அனுமதி வாங்கி, ஒரு லாரி பிடிச்சேன். சாய்தளத்தையும் போல்ட்டக் கழத்தி ஏத்துனோம். அதுவும் பயன்தானே.

அவ ஊரு தெரு குறுகல். லாரி தெருமுனையில நின்னுட்டு, சாமான எல்லாம் தூக்கித்தான் கொண்டு போனோம். ஊரே கூடிட்டு. சொர்ணத்தம்மா பிரெயில் மெஷினத் தொட்டுத் தொட்டுப் பாத்து, "இது மாவாட்டுமா ஐயா?"ன்னு கேட்டா. நடைப்பயிற்சி மெஷின்ல ஒரு பெரியவர் ஏறி நின்னு, "ஓடவே மாட்டேங்கே"ன்னாரு. கரண்ட் குடுக்கணும்னு நான் சொல்லல, யாராவது விழுந்து வச்சா அது வேற ஃபைல்.

முப்பிடாதி ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டா. "இப்ப பாதிய எடுத்துக்கிடுங்க சார்"ன்னா.

அங்க வந்துச்சு அடுத்த தொல்லை. எது பாதி? விதியில பாதின்னு இருக்கே தவிர, எப்படிப் பிரிக்கன்னு இல்ல. எங்க எழுத்தர் ஒவ்வொரு சாமானையும் ரெண்டா அறுக்கணும்ங்கான். டிரைவர் எண்ணிப் பிரிங்கங்கான். எண்ணுனா சாமான் ஒத்தப்படையில வருது. அவதான் வழி சொன்னா. "தெருமுனையில பழைய இரும்புக் கடை இருக்கு சார், பெரிய தராசு இருக்கு. எடை போட்டுப் பாதி பிரிச்சிருவோம். எடையில யாரும் குத்தம் சொல்ல முடியாது."

நல்ல யோசனை. ஒவ்வொண்ணாத் தூக்கி எடை போட்டோம். ஊர்ப் பையங்க தூக்குனானுவ, கடைக்காரரு எடையச் சத்தமாச் சொன்னாரு, அவ மடியில ஒரு தாள வச்சு என்னமோ கூட்டிக் கழிச்சுக்கிட்டே இருந்தா. கடைசியில, "பேட்டரி நாற்காலியும் சாய்தளத்துல ஒரு துண்டும் எனக்கு. மத்ததெல்லாம் உங்களுக்கு. ரெண்டும் சரியா வருது, பாத்துக்கிடுங்க"ன்னா. தராசுல வச்சா, ஒரு பக்கமும் சாயாம நிக்கு! நான் அவ கையப் பிடிச்சுக் குலுக்குனேன். அங்கயே வச்சு அசலக் குடுத்தேன். அந்த அம்மா சர்டிபிகேட்ட ஒவ்வொண்ணா முந்தியில துடைச்சுத் துடைச்சுப் பைக்குள்ள வச்சா. எதுக்குத் துடைக்கான்னு எனக்குப் புரியல, நாங்க பீரோவுல பத்திரமாத்தான் வச்சிருந்தோம்.

இதுக்கு மேல கேளுங்க வேடிக்கைய. திருப்பி வாங்குன சாமான் திரும்பவும் மையத்துக்குள்ள வரப்பிடாது, மத்திய கிட்டங்கிக்கு, அதான் குடோனுக்குப் போகணும். போயிட்டு. எங்க ஹால் காலி. சாய்தளத்துல எங்க பங்கு ஒரு துண்ட மட்டும் இருந்த இடத்துலயே வச்சு முறுக்குனோம். அது ரெண்டு படி வரைக்கும் ஏறி, அதோட அந்தரத்துல நிக்கு. மீதி ரெண்டு படி படியாவே கெடக்கு. ஆனா கணக்குல சரி.

அந்த வாரமே கோமதி மேடத்துக்கு முட்டியில ஆபரேசன். மாடி ஏறப்பிடாதுன்னுட்டாரு டாக்டர். மேடம் எனக்குப் போன் போட்டாவ. "தெய்வசிகாமணி, ஹால் காலியாத்தானே கெடக்கு?"ன்னாவ. "ஆமா மேடம்"னேன். மறுநாள் காலையில புள்ளியியல் வகுப்பு கீழ வந்துட்டு! போர்டும் வந்துட்டு, பெஞ்சும் வந்துட்டு. ஃபைல் ஒண்ணும் கிடையாது, ஒரே ஒரு போன். எப்படி எங்க வேகம்? அந்த ரெண்டு படிக்கு மேடத்த நாற்காலியில உக்காத்தி வச்சுப் பையங்க தூக்கிருதானுவ. அதுக்குத் தடை கிடையாது, மேடம் மாற்றுத்திறனாளி இல்லியே, வெறும் முட்டிவலிதானே.

என் மச்சினனும் வகுப்புக்குப் போய்க்கிட்டுதான் இருக்கான். அவ போயிட்டாலும் அவன் நியமன உத்தரவ யாரும் ரத்து பண்ணலல்லா. இப்ப அந்த மலைப் படத்துக்குப் பேரு என்னன்னு எல்லாம் சொல்லுதான்.

இந்தப் பிள்ளை இன்னும் ஒரு ரெண்டு மூணு மாசம் பொறுத்திருக்கலாம். பொறுமை கிடையாது அண்ணாச்சி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு.

வகுப்பு கீழ வந்தாச்சுன்னு சொல்லிக் கூப்பிடத்தான் இன்னைக்குப் போனேன். கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன காலேஜ்ல சேந்திருக்கா. மறுபடியும் முதல் வருசத்துல இருந்து. ஒரு வருசம் போச்சு பாருங்க. அந்தக் காலேஜப் பாத்து எனக்கு வயித்தெரிச்சலாப் போச்சு. ஓடு போட்ட கட்டடம், மாடியே கிடையாது. நிதி கிடையாது, மையம் கிடையாது, ஒரு கண்காணிப்பாளர் கிடையாது. எப்படித்தான் சமாளிக்காளோ. வகுப்பு வாசல்ல ரெண்டு படி இருக்கு, அதுல நம்ம சாய்தளத் துண்டப் போட்டு வச்சிருக்கா. பேட்டரி நாற்காலியப் பெட்டியில இருந்து எடுத்தே போட்டா, வாரண்டி போயிட்டு.

மரத்தடியில வச்சுப் பேசுனேன். "முப்பிடாதி, உனக்காக வகுப்பக் கீழ கொண்டாந்தாச்சு. வந்துரும்மா. நீ இல்லாம எங்க மையமே காத்தாடுது. எழுத்தரு, டைப்பிஸ்ட்டு எல்லாருக்கும் வேற இடம் போடப் போறாங்களாம்"னு சொன்னேன். என் கண்ணு கலங்கிட்டு அண்ணாச்சி, பொய் இல்ல.

"யாருக்காகச் சார் கீழ வந்துச்சு?"ன்னு கேட்டா.

நான் மேடத்து முட்டியப் பத்திச் சொன்னேன். மறைக்க என்ன இருக்கு? அவ கோவப்படல. மெதுவாக் கேட்டா, "மேடத்துக்கு இப்ப வலி குறைஞ்சிருக்கா சார்?"

"பரவாயில்லம்மா."

"நல்லது. ஆறுனதும் மேல போயிருவாவல்லா?"

நான் அத யோசிக்கவே இல்ல. அதுக்குள்ள மணி அடிச்சிட்டு. "வகுப்பு இருக்கு சார், வாறேன்"னு சொல்லிட்டு நாற்காலியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டா. டீ குடிக்கியளான்னுகூடக் கேக்கல. அவ்வளவு செஞ்சிருக்கோம். உள்ள போனதும் யாரோ என்னமோ சொல்ல, வகுப்பே சிரிக்கி, அவ குரல்தான் எல்லாத்துக்கும் மேல கேக்கு. நான் கொஞ்ச நேரம் வெயில்ல நின்னுட்டு பஸ் ஏற வந்துட்டேன்.

சரி, என் கதை கெடக்கட்டும். நீங்க பஸ்ல ஏறும்போது பாத்தேன் அண்ணாச்சி. கம்பியப் பிடிச்சுக்கிட்டு ஒரு கால இழுத்து இழுத்து வச்சிய. அதப் பாத்துட்டுத்தான் முன்னால அத்தனை சீட்டு காலியா இருந்தும் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். எத்தனை நாளா இருக்கு? டாக்டர் சர்டிபிகேட் எதுவும் வாங்கி வச்சிருக்கியளா? டிகிரி முடிச்சிருந்தாப் போதும், வயசு வரம்பெல்லாம் இப்ப கிடையாது. படிப்பு வராதுன்னு தயங்காதீங்க. போய் உக்காந்து கேக்க நம்ம ஆளே ஒருத்தன் இருக்கான்.

உங்க ஸ்டாப் வந்துட்டா? இங்கயா இறங்கணும்? இன்னும் தள்ளிப் போகணும்னுல்லா கண்டக்டர்கிட்டச் சொன்னிய. இருங்க, அவசரப்படாதீங்க, என் நம்பரக் குறிச்சுக்கிடுங்க. வந்து சேருங்க அண்ணாச்சி. நீங்க வாயத் தொறந்து ஒண்ணும் கேக்காண்டாம். கேக்காமலே நாங்க எல்லாம் செஞ்சு குடுத்துருவோம்.